தொட்டியின் அடியில் ஒரு மீன்

சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாமல் போகிற வேலைகள் சில உண்டு. தப்பாகச் செய்த அன்றுதான் ஊர் வந்து வாசலில் நிற்கும். அப்படியொரு வேலையில் பதினெட்டு வருடம் கழித்த மனிதருக்கு, தான் அதை நன்றாகச் செய்கிறோம் என்று யார் சொல்லித் தெரியும்?

அவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். குடிநீர்த் தொட்டிக்குள் மூழ்கிச் சுத்தம் செய்பவர். வீட்டு மொட்டைமாடித் தொட்டியல்ல; பாதி ஊருக்குத் தண்ணீர் அனுப்பும், மூன்று ஆள் ஆழமுள்ள கான்கிரீட் தொட்டி. தண்ணீரை வடிக்காமல், ஊர் குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, தரையில் படிந்த வண்டலைக் குழாயால் உறிஞ்சி வெளியே அனுப்புவார். பெயர் வைத்தவன் மனைவியின் தம்பி. மேலே நின்று அவருடைய காற்றுக்குழாயைப் பிடித்துக்கொண்டு, முகமூடிக்குள் இருக்கும் போனில் அவரோடு பேசுவதுதான் அவன் உத்தியோகம்.

பெயரில் தப்பில்லை. அடியில் ஒரு கால் வேகமாகப் பட்டால் வண்டல் கிளம்பிவிடும். அரை மணி நேரத்தில் வீட்டுக் குழாய்களில் டீ நிறத்தில் தண்ணீர் வரும். அதனால் இடுப்பில் எடை கட்டிக்கொண்டு, பாதத்தை மெல்ல எடுத்து மெல்ல வைப்பார். அந்த நடை வீட்டுக்கும் வந்துவிட்டது. "இவரைக் கடைக்கு அனுப்பினா, திரும்பி வர்றதுக்குள்ள காய் விலை ஏறிடும்" என்பார் மனைவி.

இறங்குகிற நாளில் கல்யாண மாப்பிள்ளையைவிட அதிகமாகக் குளிப்பார். சோப்புப் போட்டு இரண்டு முறை. பிறகு தலையிலிருந்து கால்வரை மூடும் ரப்பர் உடை. அதன்மேல் குளோரின் கலந்த தண்ணீரை மச்சினன் பீய்ச்சி அடிப்பான். அந்த உடையும் முகமூடியும் வேறு எந்தத் தண்ணீரையும் தொடக்கூடாது என்பது சட்டம். நீச்சல் குளத்துக்குப் போகும்போது மகள் முகமூடியை இரவல் கேட்டாள். "கிட்னி வேணும்னா கேளு, தர்றேன். அதை மட்டும் கேக்காத" என்றார். ஒரு தும்மல் வந்தாலும் அன்று இறங்கமாட்டார்.

இந்த வருடம் அவர் தொட்டி மூடி வழியாக இறங்குவதை யாரோ படம் பிடித்தார்கள். 'நாம் குடிக்கிற தண்ணீரில் ஆள் குளிக்கிறான்' என்ற வரியோடு அது எல்லோர் போனுக்கும் போயிற்று. தெருச் சங்கத்தின் செயலாளராக இருக்கும் தையல் கடை அம்மாள் நானூறு கையெழுத்து வாங்கிவிட்டார். ஆள் இறக்குவதை நிறுத்த வேண்டும், பழையபடி தண்ணீரை வடித்துத் தேய்க்க வேண்டும் என்று மனு. பழையபடி என்றால் இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராது என்பது யாருக்கும் நினைவில்லை. மனு ஏற்கப்பட்டால் ஆமைக்கும் மச்சினனுக்கும் வேலை போய்விடும். வேறு வேலை இருவருக்கும் தெரியாது.

குடிநீர் வாரிய இன்ஜினியர் ஒரு வழி சொன்னார். சங்கத்தாரைக் கூப்பிட்டு நேரிலேயே காட்டிவிடலாம். ஆமையின் தலையில் கேமரா மாட்டி, தொட்டி மூடியை ஒட்டிய பம்பு அறையில் டிவி வைத்தார்கள். எட்டுப் பேர் வந்தார்கள். தையற்கார அம்மாள் கழுத்தில் அளவு நாடாவோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

டிவியில் தொட்டித் தரை தெரிந்தது. வழவழவென்று, மடிப்பில்லாத துணி விரித்ததுபோல.

"சுத்தமாத்தானே இருக்கு? இதைக் கழுவவா ஒரு ஆளு?" என்றார் அம்மாள்.

"அது தரை இல்லம்மா, அழுக்கு. உறிஞ்சி வெளியே விடுவாரு பாருங்க" என்றான், காற்றுக்குழாயைப் பிடித்தபடி அறை வாசலில் நின்ற மச்சினன்.

"வெளியே வர்றது அவர் கால்ல கொண்டு போனதா இருந்தா?"

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பினான். வாயைப் பொத்திக்கொண்டு போனில் கிசுகிசுத்தான். "மாமா, காரியம் கெட்டுது. ஒரே ஒரு உதை விடுங்க. அழுக்கு புகையா எழும்பட்டும், அப்பதான் நம்புவாங்க."

"மாப்ள, புகை எழும்பினா உங்க அக்கா வீட்டுக் குழாய்ல போய் இறங்கும். அவகிட்ட நீ பதில் சொல்றியா?"

"ஐயோ, வேணாம்."

"அப்ப சும்மா இரு."

டிவியில் ஒரு கையுறை விரல் மெதுவாக வந்தது. தரையைத் தொட்டு, நகர்ந்தது. விரல் போன தடத்தில் வெள்ளைச் சிமெண்ட் தெரிந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, ஒரு வால், கடைசியில் ஒரு கண். துளி கலங்கவில்லை.

"என்ன மாமா, படம் வரையறீங்க?"

"இந்தத் தொட்டியில இருக்கிற ஒரே மீன். அம்மாவைப் பாத்துக்கச் சொல்லு, இப்பப் பிடிக்கப் போறேன்."

உறிஞ்சு குழாய் வந்து வால் பக்கமாக மீனை விழுங்கியது. சுற்றியிருந்த பழுப்பும் போயிற்று. வெள்ளைத் தரை அகலமாகிக்கொண்டே வந்தது. யாரோ சிரித்தார்கள். "இவ்வளவு நாளா இதுமேல நின்ன தண்ணியவா குடிச்சோம்?" என்று ஒருவர் கேட்க, அம்மாள் "பேசாம பாருங்க" என்று அதட்டினார். ஒன்றரை மணி நேரமும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆமை மேலே வந்து உடையைக் கழற்றியபோது தையற்கார அம்மாள் எதிரே நின்றார். ஒரு கையில் மனு. மறு கையில், தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் குழாயில் பிடித்த ஒரு டம்ளர் தண்ணீர்.

"தம்பி, மீன் நல்லாத்தான் இருந்துச்சு. இதை எங்க முன்னாடி குடிங்க. மனுவை இங்கயே கிழிச்சிடறேன்."

"அதுக்கென்னம்மா, தினமும் வீட்ல இதைத்தானே குடிக்கிறாரு" என்று மச்சினன் டம்ளரை வாங்கி நீட்டினான்.

ஆமை டம்ளரைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

"வேணாம்க்கா" என்றார். குனிந்து காற்றுக்குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சினன் டம்ளரை நீட்டியபடியே நின்றான். அம்மாள் அந்தச் சுருட்டலையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல், தேர்ந்த கை போட்ட தையல் மாதிரி, பிசகாமல் உட்கார்ந்தது. பிறகு மச்சினன் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தானே குடித்தார். மனுவைக் கிழிக்கவில்லை; நான்காக மடித்துப் பையில் வைத்தார். அது வாரிய அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்று மச்சினன் அன்றே கேட்டான். வீட்டில் மனைவி ஒரு வாரம் கேட்டார். அடுத்த தொட்டியில் இறங்கியபோது, தப்பிக்க முடியாத இடம் என்று பார்த்து, போனில் மறுபடியும் கேட்டான் மச்சினன்.

"குழாயை இழுக்காத மாப்ள, தளர்வா விடு" என்றது போன்.