குச்சனூர் போறோம்னு கெளம்பி குமுளியில இறங்குன கதை

எங்கம்மா கவுன்சிலர்னு காலேஜ்ல சொன்னப்ப ஒருத்தியும் நம்பல. "அப்ப உங்க வீட்டுல கொடி கட்டுன காரு நிக்குமாடி?"ன்னு ஓட்டுவாளுக. காரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்கம்மா காலைல ஆறு மணிக்கு தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போற ஆளு. கவுன்சிலர் ஆனப்பறமும் போச்சு. இன்னைக்கும் போகுது.

ரெண்டாயிரத்தி ஆறுல எங்க வார்டு பொம்பளைக வார்டா ஆயிப்போச்சு. பழைய கவுன்சிலர் அசராம தன் பொண்டாட்டிய நிறுத்துனாரு. எங்க தெருப் பொம்பளைகளுக்கு வந்துச்சு பாருங்க கோவம். மேலத்தெருச் சாக்கடை மொத்தமும் எங்க தெருவுலதான் வந்து நிக்கும். மழை பேஞ்சா வாசப்படி ஏறி அடுப்படிக்கே வந்துரும். அஞ்சு வருசமா அந்த மனுசன் எட்டிக்கூடப் பாக்கல. எங்கம்மா ஒரு தடவ பேரூராட்சி ஆபீசர் ஜீப்ப மறிச்சு, "சார், ஷூவக் கழட்டிட்டு இறங்கி எங்க வாசல் வரைக்கும் நடந்து காட்டுங்க, பாப்போம்"னு கேட்டுச்சு. அவரு இறங்கல. ஆனா அந்த ஒத்த டயலாக்குல எங்கம்மா எங்க தெருவுல ஹீரோயின். கொழாயடியில வச்சே பேசி முடிச்சு, "நீதான் நிக்கிற"ன்னுட்டாக. பூட்டுசாவிச் சின்னம். செயிச்சாச்சு.

அந்தத் தடவ சேர்மனுக்கு சனங்க ஓட்டுப் போடல. செயிச்ச கவுன்சிலருக பதினஞ்சு பேரும் சேர்ந்து போடணும். அவுகள்ல நின்னது ரெண்டு பேரு. ஒருத்தரு மேலத்தெருவுல தேங்கா மண்டி வச்சிருந்தாரு. இன்னொருத்தவுக ரிட்டயர்டு டீச்சர். ரெண்டு பக்கமும் ஏழு ஏழு பேரு. மிச்சம் எங்கம்மா. திடீர்னு ஊரே எங்க வீட்டப் பாத்துச்சு. எனக்கு செம கெத்தா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா கொழாயடியில எல்லார்க்கும் கேக்குற மாதிரி சொல்லுச்சு: "சேர்மன் ஓட்டு எனக்குச் சொந்தமில்ல, தெருவுக்குச் சொந்தம். ஞாயித்துக்கெழம எல்லாரும் கூடுங்க. நீங்க யாரச் சொல்றீகளோ அவுகளுக்குத்தான் போடுவேன்." எதுத்த வீட்டு அத்தை குடத்த இடுப்புல ஏத்திக்கிட்டே, "மதினி, பேச்சு மாறுன, ஒன் குடத்த வரிசையில வைக்க விடமாட்டேன்"னுச்சு. எல்லாரும் சிரிச்சாக.

சனிக்கெழம காலைல வேன் வந்துச்சு. மண்டிக்காரரே இறங்கி வந்தாரு, நெத்தி நெறைய விபூதியோட. "தங்கச்சி, கவுன்சிலருக எல்லாம் குச்சனூர் போயி ஒரு விளக்குப் போட்டுட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பிறலாம். பாப்பாவையும் துணைக்குக் கூட்டிக்க."

"நாளைக்கு தெருவுல பேசணும்ணே."

"நாளைக்குத்தான? சனீஸ்வரனப் பாக்குறது இன்னைக்கித்தான?"

அப்பா லாரியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருந்தாரு. கேக்க ஆளில்ல. நான் அதுக்குள்ள புதுச் சுடிதார மாட்டி ஜன்னல் சீட்டுல உக்காந்துட்டேன். வேறென்ன, செகண்ட் இயர் பி.காம்., லீவு, வேன்ல ஓசி ட்ரிப்பு. அம்மா கட்டுன சேலையோட ஏறுச்சு.

வேன்ல டீச்சர் பக்கத்து ஆளு ஒருத்தருமே இல்லங்கிறது எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். எம்பக்கத்துல ஒரு லேடி கவுன்சிலரும் அவுக வீட்டுக்காரரும். அந்தக்காவ என்ன கேட்டாலும் வீட்டுக்காரருதான் பதில் சொல்லுவாரு. "எந்த வார்டுக்கா?"ன்னேன். "ஒம்போதாவது வார்டும்மா, நல்ல மெஜாரிட்டி"ன்னாரு. அந்தக்கா சும்மா தலையாட்டுச்சு.

குச்சனூர்ல செம கூட்டம். நல்லெண்ணெ வாடை, எள்ளு மூட்டை, காக்காச் சத்தம். விளக்குப் போட்டோம். வெளிய வந்ததும் மண்டிக்காரரு தட்டுல ஒரு கட்டி கற்பூரத்தப் பொருத்துனாரு. "சும்மா ஒரு ஒத்துமைக்குத்தான். எல்லாரும் சாமி சாட்சியா எனக்குத்தான் ஓட்டுன்னு இதுல கையடிங்க பாப்போம்." ஒவ்வொருத்தரா அடிச்சாக. அந்தக்காவுக்குப் பதிலா வீட்டுக்காரரே அடிக்கப் போக, "அவுகதான்யா கவுன்சிலரு"ன்னு யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

தட்டு எங்கம்மாகிட்ட வந்துச்சு. அம்மா ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள வச்சுக்கிச்சு. "அண்ணே, நான் தெருவுல கேக்காம..."

"கற்பூரம் அணையப் போகுது தங்கச்சி."

அத்தன கண்ணும் எங்களையே பாக்குது. எனக்கு ஒரே கூச்சம். பசி வேற. ஏந்தான் இந்தம்மா இப்பிடி மானத்த வாங்குதுன்னு இருந்துச்சு. நான் சாமி பூதமெல்லாம் நம்புற டைப்பும் கெடையாது. "அம்மா, சும்மா அடிம்மா. கற்பூரந்தான? பெறகு பாத்துக்கலாம்"னு முந்தானைக்குள்ள கைய விட்டு, அம்மா மணிக்கட்டப் பிடிச்சு இழுத்து, தட்டு மேல வச்சேன். கை கட்டை மாதிரி இருந்துச்சு. ஒரு செகண்டு. பெறகு அதுவா இறங்கி தீயத் தொட்டுச்சு. "சபாஷ் பாப்பா"ன்னாரு மண்டிக்காரரு. நான் பல்லக் காட்டுனேன்.

உத்தமபாளையம் வந்ததும் வேன் எங்க ஊருக்கு மேக்க திரும்பணும். திரும்பல. நேரா போகுது.

"அண்ணே, ரோடு தாண்டிருச்சு"ன்னுச்சு அம்மா.

"கம்பத்துல பிரியாணி சொல்லியிருக்கு தங்கச்சி."

பிரியாணி தின்னோம். பெறகு கூடலூர்ல யாரையோ பாக்கணும்னாரு. கூடலூரும் போச்சு. லோயர்கேம்ப் தாண்டி வேன் மலையேற ஆரம்பிச்சதும் அம்மாவுக்குப் புரிஞ்சு போச்சு. "எங்கண்ணே கொண்டுக்கிட்டுப் போறீக?"

"எல்லாம் ஒங்க பாதுகாப்புக்குத்தான். இங்கனயே இருந்தா டீச்சர் ஆளுக ஒங்களத் தூக்கிட்டுப் போயிருவாக."

"அப்ப இதுக்குப் பேரு என்னண்ணே?"

வேனே குலுங்கிச் சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. அம்மா மட்டும் சிரிக்கல.

மலைக்கு மேல, கேரளா பார்டர் தாண்டி, குமுளியில ஒரு லாட்ஜ். ரூமுக்கு மூணு பொம்பள. ரோமிங் காசு ஏறும்னு சொல்லி எல்லார் செல்லையும் ஒரு மஞ்சப்பையில வாங்கிட்டாக. புதன்கெழம எலெக்சன், நேரா ஆபீஸ்ல கொண்டு போயி இறக்குவாகளாம். மாத்துத் துணி இல்லன்னதும் சாயங்காலம் நைட்டி வந்துச்சு. மூணு பேருக்கும் ஒரே கலரு, ஒரே பூ. எங்கம்மா நைட்டி போட்டதே இல்ல. நாலு நாளும் தொடல. கட்டுன சேலையத்தான் அலசி அலசிக் கட்டுச்சு. குமுளிச் சாரலுக்கு எங்க காயுது? ஈரச் சேலையோடதான் உக்காந்திருந்துச்சு.

நான்? நான் ஜாலியா இருந்தேங்க. நேந்திரங்கா சிப்சு, பால் ஊத்தாத கட்டஞ்சாயா, படகுல போயி யானை பாத்தோம். ஞாயித்துக்கெழம பொழுதடையிற நேரம் ரூமுக்கு வந்தா, அம்மா ஜன்னலோரமா நின்னுக்கிட்டு, "இப்ப எல்லாரும் கொழாயடிக்கு வந்திருப்பாக"ன்னுச்சு. எங்கிட்ட சொன்ன மாதிரியே இல்ல. கையில இருந்த சிப்சுப் பொட்டலத்த மடிச்சு வச்சுட்டேன்.

மறுநா பொம்பளைக சாமான் வாங்கணும்னு சொல்லிக் கெளம்புனேன். கூட அனுப்புன ஆளு வெக்கப்பட்டு கடைக்கு வெளியவே நின்னுட்டாரு. உள்ள எஸ்.டி.டி. போன் இருந்துச்சு. எதுத்த வீட்டு அத்தைக்குப் போட்டேன்.

"எங்கடி போயித் தொலஞ்சீக?"ன்னு அலறுச்சு அத்தை. "இங்கன ஒங்கம்மா ஓட்ட வித்துட்டு ஓடிட்டான்னு பேசுறாளுக. நான் சண்ட போட்டு வச்சிருக்கேன். கேளு, நேத்து கூடிப் பேசிட்டோம். டீச்சருக்குத்தான். மண்டிக்காரன் குடோன் கழிவும்தான நம்ம தெருவுக்கு வருது? அவன் ஒக்காந்தா எப்பிடிடி சாக்கடை வாரது நிக்கும்? ஒங்கம்மாட்டச் சொல்லிரு. ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவ செஞ்சுருவா."

"சரி அத்தை"ன்னேன். கற்பூரத்தப் பத்தி வாயே வரல. கடைக்காரச் சேச்சி, "கழிஞ்ஞோ மோளே?"ன்னாக. முடிஞ்சிருச்சுன்னு தலையாட்டிட்டு வந்தேன்.

அம்மாகிட்ட சொன்னேன். காயாத முந்தானையப் பிழிஞ்சு விட்டுச்சு. பெறகு, "இப்ப சொல்லி என்ன பண்ணட்டும்? சத்தியம் பண்ணியாச்சே."

"சீட்டுல முத்திரை குத்தி பொட்டிக்குள்ள போடுறது. ஒனக்கும் பொட்டிக்கும்தாம்மா தெரியும்."

"அதான்டி, எனக்குத் தெரியும்ல."

எனக்கு காண்டாகிப்போச்சு. "எங்க சப்ஜெக்ட்லயே இருக்கும்மா, காண்ட்ராக்ட் ஆக்ட்னு. மிரட்டி வாங்குன சம்மதம் செல்லாது."

அம்மா என்னயத் திரும்பிப் பாத்துச்சு. "யாரு மிரட்டுனா? நீதான கையப் பிடிச்ச."

கத்தியிருந்தாக்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமா, குழம்புக்கு உப்புப் பத்தலன்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு.

புதன்கெழம வேன் நேரா பேரூராட்சி ஆபீசுக்கு வந்துச்சு. போலீசு, கொட்டுமேளம். ரோட்டுக்கு அந்தப்பக்கம் எங்க தெருப் பொம்பளைக நிக்கிறாக. அம்மா சனிக்கெழம கட்டுன அதே சேலையோட, கசங்கி, பூசண வாடையோட இறங்குச்சு. அத்தை கூட்டத்துலருந்து கையத் தூக்கிக் காட்டுச்சு. அம்மா குனிஞ்சமேனிக்கு உள்ள போயிருச்சு.

எட்டுக்கு ஏழு. மண்டிக்காரரு சேர்மன். சரவெடி.

அத்தை ரோட்டத் தாண்டி வந்து எந்தோளப் பிடிச்சுச்சு. "நீ சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் அத்தை."

பொய் இல்ல. சொல்லத்தான் சொன்னேன். ஆனா அதோட நிறுத்திக்கிட்டேன். அத்தை மொகம் மாறுனத பாத்தேன். அவ்வளவுதான், தெரிஞ்சும் மாத்திப் போட்டவள்னு எங்கம்மாவுக்குப் பேராயிப்போச்சு. அத எழுதிக் குடுத்தது நானு.

மறுநா தண்ணி வந்தப்ப அம்மா கொழாயடிக்குப் போச்சு. நானும் ஒரு குடத்தோட பக்கத்துலதான் நின்னேன். ஒளிவு மறைவில்லாம அம்மா சொல்லுச்சு: "நான் மண்டிக்காரருக்குத்தான் போட்டேன். குச்சனூர்ல கற்பூரத்துல அடிச்சுட்டேன். மீற முடியல. ஒங்களக் கேக்காம அடிச்சது தப்புதான்."

அத்தை, "ஒன்னய யாரு அடிக்கச் சொன்னா?"ன்னு கேட்டுச்சு.

நான் வாயத் தொறந்தேன்னுதான் நெனைக்கிறேன்.

"யாரும் சொல்லல. நானாத்தான் அடிச்சேன்"னுச்சு அம்மா.

வரிசையில எங்க குடத்த யாரும் தள்ளி வைக்கல. அப்பிடி வச்சிருந்தாலாவது சண்ட போட்டிருக்கலாம். எல்லாரும் கொஞ்சம் நகந்து எங்களுக்கு எடம் விட்டாக. ஆபீசர் வந்தா விடுவாகள்ல, அந்த மாதிரி.

சாக்கடை வாரது நிக்கல. குடோன் வாசலுக்கு மட்டும் சிமெண்டு மூடி போட்டு பளபளன்னு ஆயிருச்சு. தண்ணி இன்னும் வேகமா எங்க தெருவுக்கு வருது. அம்மா கூட்டத்துக்குக் கூட்டம் எந்திரிச்சுக் கத்தும். சேர்மன் சிரிச்சுக்கிட்டே, "தங்கச்சி நம்ம ஆளுதான, உரிமையாத் திட்டுது"ம்பாரு. அத விட ஒரு அசிங்கம் கெடையாது. அத்தை எங்க வீட்டுப் படி ஏறி நாலு வருசம் ஆச்சு.

போன வாரம் பேஞ்ச மழைக்கு மறுபடி அடுப்படி வரைக்கும் தண்ணி. விடிஞ்சதும் ஆளுக்கொரு வெளக்கமாத்த வச்சு தள்ளிக்கிட்டிருந்தோம். அத்தை அவுக வாசல், நான் எங்க வாசல். எனக்கு இப்ப மதுரையில வேல, லீவுக்கு வந்திருந்தேன்; வாய் இன்னும் நீளம், ஊருக்கே பதில் சொல்லுவேன். இந்த ஒண்ணத் தவிர. என்ன தோணுச்சோ, வெளக்கமாத்தப் போட்டுட்டு, "அத்தை, அன்னைக்கி குச்சனூர்ல அம்மா கைய இழுத்து கற்பூரத்துல வச்சது நான்தான்"னேன்.

அத்தை நிமிந்துச்சு. சேத்துக் காலோட நேரா எங்க வீட்டு வாசலுக்கு வந்து நின்னுச்சு. "ஏ மதினி! இம்புட்டு வருசம் இத ஏன் சொல்லல?"

அம்மா அடுப்படியிலருந்து வெளிய வந்துச்சு. மொதல்ல என்னயப் பாத்துச்சு. அந்தப் பார்வைல நன்றியெல்லாம் ஒண்ணும் இல்லங்க. கோவந்தான். நான் என்னமோ பாரத்த எறக்கி வச்சுட்டேன்னு நெனச்சேன். அம்மா பத்திரமா வச்சிருந்த எதையோ தெருவுல போட்டு ஒடச்ச மாதிரி ஆயிருச்சு.

"அவ பிடிச்சா நான் கைய உருவியிருக்கலாம்ல?"ன்னுச்சு அம்மா. "கவுன்சிலர் அவளா, நானா?"

ரெண்டு பேரும் அந்தத் தண்ணியிலயே நின்னாக. பெறகு அத்தை மெதுவா, "அடுத்த வருசம் எலெக்சன் வருது. தெருவுல வேற ஆளப் பேசுறாக மதினி"ன்னுச்சு.

"தெரியும். பேசத்தான் வேணும். நீயே நில்லு. நான் ஒனக்கு ஓட்டுக் கேட்டு வாரேன்."

"நானா?"

"நீதான். வேன் வந்தா மட்டும் ஏறாத."

"குச்சனூருக்குன்னு கூப்புட்டா?"

"நடந்து போ"ன்னுட்டு அம்மா தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு தண்ணியில இறங்குச்சு. தோட்டத்துக்கு நேரமாச்சுல்ல.