பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு துடிப்பு

என் தங்கை நிலத்தை ஆராய்கிறவள். செயற்கைக்கோள் வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்த இடம் அரை விரல் அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்த நான், மேல்துணியும் லைனிங்கும் பிசகியதைக் கண்டுபிடிப்பது போல என்று புரிந்துகொண்டேன்.

"அதேதான்க்கா. ஆனா உன் துணி யாரையும் விழுங்காது" என்றாள்.

சுரங்கம், அணை, ரயில் பாதை என்று ஊர் ஊராக அளந்தவள். அந்த வருடம் படத்தில் இறங்கித் தெரிந்தது ஒரு பள்ளிக்கூடம். சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. பரீட்சை நேரம், கட்டிடத்தைப் பூட்டத் தலைமையாசிரியைக்கு மனமில்லை. "தரையைச் சோதிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

சனிக்கிழமை மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். தாழ்வாரம் நெடுக அதிர்வுமானிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்து, மண்ணுக்குள் போய்த் திரும்பும் அதிர்வைப் பதிவு செய்வார்கள். அதற்கு முன் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். காலடிகூடக் கோடாக விழும். நானும் தூக்குச்சட்டியோடு சிலையானேன்.

திரையில் கோடுகள் துடித்தன. விட்டு விட்டு, ஒரே சீராக.

"யாருய்யா காலாட்டுறது?" என்றார் தங்கையின் உதவியாளர்.

"நான் மூச்சே விடல சார்!" என்றார் காவலாளி.

தங்கை எல்லோரையும் வெளியேற்றினாள். பள்ளியின் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். துடிப்பு நிற்கவில்லை. காலி வகுப்பறைகளுக்கு அடியில் யாரோ நிதானமாக நடப்பது போலிருந்தது.

"வழக்கமா இதை இரைச்சல்னு கழிச்சிடுவோமே, மேடம்?" என்றார் உதவியாளர்.

"கழிச்சா கோடு அழகா வரும். பிள்ளைங்க?"

தலைமையாசிரியை சிரிக்கப் பார்த்தார். "கீழ யாராவது குடியிருக்காங்களா?"

"தண்ணி இருக்கு டீச்சர். மண்ணை அரிக்குது. கட்டி கட்டியா உள்ள விழுது. திங்கக்கிழமை இங்க யாரும் உட்காரக் கூடாது. நான் சொன்னது தப்புன்னா என் வேலை போகட்டும்."

மைதானத்தின் ஓரத்தில் இருந்த கொட்டகையையும் அன்றே சோதித்தாள். அங்கே கோடுகள் அசையவில்லை. பரீட்சையை அங்கே வைத்தார்கள். தங்கை வாசலில் கருவியோடு உட்கார்ந்தாள், நான் பக்கத்தில்.

பரீட்சையின் இரண்டாம் நாள் காலை, பூட்டிய கட்டிடம் பெரிய சத்தமேதும் இல்லாமல் உள்ளே இறங்கியது. புழுதி மட்டும் எழுந்தது. பிள்ளைகள் பேனாவைப் பிடித்தபடியே எழுந்து நின்றார்கள். தலைமையாசிரியை என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவளோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்க டீச்சர். பிள்ளைங்களை ஓடவிடாம, மெதுவா, ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

கடைசிப் பிள்ளை தெருவை அடைந்த பிறகுதான் எழுந்தாள். கொட்டகையில் ஒருவரும் இல்லை. திரையில் கோடுகள் நடந்துகொண்டிருந்தன.