சிவப்பு விளக்கு எரிந்த பிறகு

எங்கள் வேன் பழையது. கணவருக்கு முதுகு போனபின் நான்தான் ஓட்டுகிறேன். மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பங்களிலிருந்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குப் போவேன்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் மெக்கானிக் கெட்டியான ஆயிலையே ஊற்றுவார். ஏன் என்று கேட்டால், "நா ஊத்தறன், நீ ஓட்டுக்கா" என்பார். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிற சிரிப்பு ஒன்று கூடவே வரும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஒருநாள் செல்போனில் வீடியோக்களைப் பார்த்து, புது வண்டிகளுக்கு ஊற்றும் மெல்லிய சிந்தடிக் ஆயிலை நானே வாங்கி, வேறொரு இடத்தில் மாற்றிக்கொண்டேன். இன்ஜின் சத்தம் குறைந்தது. இரண்டு வாரம் எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் காலையில் வண்டியின் அடியில் சொட்டுச் சொட்டாகக் கறை. மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். கம்பியை உருவி ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கும்.

அன்று திருக்கழுக்குன்றம் தாண்டியதும், ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு டேஷ்போர்டில் எரிந்தது. முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், முன்பு படகு வைத்திருந்தவர், விரலை நீட்டினார்.

"இன்னாம்மா அது, செவப்பா எரியுது?"

"ஒண்ணுமில்ல நைனா. ஒயர் லூசா கீது."

அப்படித்தான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜினுக்குள் கடகடவென்று இரும்பு இடிக்கும் சத்தம். வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வயல், உச்சி வெயில். பின்சீட்டில் இருந்த பெண்கள் இருவரும் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். பெரியவரால் அந்தப் படியில் ஏற முடியவில்லை. கால்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. ஆட்டோ ஒன்று கிடைத்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவருடைய முறை தாண்டி, மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம்தான் அவருக்கு மெஷின் கிடைத்தது. அதுவரை வெளி பெஞ்சில் அவருடைய செருப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டார்.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் இந்த முறை சிரிக்கவில்லை. "பழைய சீலு எல்லாம் தேஞ்சி கீதுக்கா. தண்ணி மாரி ஆயில் ஊத்தனா ஒழுவிகினேதான் இருக்கும். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். டேஷ்போர்டு பெட்டியில் துடைக்கும் துணிகளுக்கு அடியில் கிடந்த கம்பெனிப் புத்தகத்தை அன்றுதான் எடுத்துப் பார்த்தோம். அதில் போட்டிருந்த ஆயில் எண் 15W-40. நான் ஊற்றியதைவிடக் கெட்டி, அவர் ஊற்றியதைவிட மெல்லியது. இரண்டு பேரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வண்டி சரியானதும் முதலில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வலைகள் காயும் வாசலில் நின்றபடியே ஆயில் மாற்றியதை, கறையை மூடியதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆயிலு தப்பாப் போறது சகஜம்மா. கடல்ல நானும் எத்தினியோ தப்பு பண்ணிகீறேன்," என்றார். பிறகு, "நா கேட்டன்ல? அப்போ ஒண்ணுமில்லன்ட்டியே," என்றார்.

இப்போது அவர் டயாலிசிஸுக்கு மகனின் பைக்கில் போகிறார். வெயிலில், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. சில நாள் என் வேன் அவர்களைத் தாண்டும். ஹாரன் அடிக்காமல் மெதுவாகத் தாண்டிப் போவேன்.