வசலின் பூசிய சேவல்

போன கிழமை பஸ் தரிப்பில் நின்றபடி, வெடித்த உதட்டுக்குப் பூச வசலின் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசத்தோடு கோழிக்கூட்டு நாற்றமும் சேர்ந்து வந்தது. சிரிக்காதீர்கள். லண்டனில் என் முதல் மாரியை ஒரு சேவலின் கொண்டைக்கு ஊழியம் செய்தே கழித்தவன் நான்.

அப்போது மனோர் பார்க்கில் சிவம் அண்ணையின் வாடகை வீட்டில் ஒட்டியிருந்தேன். அவருடைய மனைவி கமலா அக்கா யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார். சேவல் கூவாத ஊரில் எப்படி விடியும் என்று தொலைபேசியில் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அண்ணை எங்கேயோ அலைந்து இரண்டு பேடும் ஒரு சேவலும் வாங்கி வந்தார். பெரிய சிவப்புக் கொண்டை. விசா கிடைத்ததும் சேவலின் படத்தைத்தான் அக்காவுக்கு அனுப்பினார், தன் படத்தை அனுப்பவில்லை. மூன்று வருடப் பிரிவில் அவர் தலை வழுக்கையாகிவிட்டது. அக்காவுக்கு அது தெரியாது. தெரியவரும் நாளை நினைத்துப் பயந்து, வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியோடு திரிந்தார்.

பனி கொட்டத் தொடங்கியது. ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் திணித்துவிட்டுப் படுக்கிற ஆட்கள் நாங்கள். கோழிகளுக்கும் அதே உபசாரம்தான்: கூட்டைச் சுற்றிப் பொலித்தீன், ஓட்டைகளில் பழந்துணி. நாலாம் நாள் சேவலின் கொண்டை நுனிகள் கறுத்துக் கிடந்தன. முன்பு கோழி வளர்த்த பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குளிரை அவை தாங்கும், ஈரத்தைத் தாங்காது, அடைத்த கூட்டில் மூச்சுக்காற்றே நீராகிக் கொண்டையில் உறைந்துவிட்டது என்றார். மேலே காற்றோட்டம் விட்டு வசலின் பூசச் சொன்னார். எங்கள் அறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்த காரணமும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

கறுத்ததை வெட்டிவிட்டால் பார்வையாக இருக்குமே என்று நான் கத்தரிக்கோலோடு போனேன்.

"முருகன்ரை கொடியில நிக்கிறவனடா. அதை உள்ளை வை," என்றார் அண்ணை. பிறகு மெல்ல, "அவ வரமுன்னம் வளருமோடா?" என்று கேட்டார்.

வளராது என்று தெரிந்தும் ஓம் என்றேன். தினமும் வேலைக்குப் போகுமுன் சேவலைக் கமக்கட்டில் இடுக்கிப் பிடிப்பேன், அவர் பூசுவார். நான் வேலை செய்த பெற்றோல் நிலைய முதலாளி என் ஜாக்கெட்டில் ஒட்டிய இறகை இரண்டு விரலால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார். கறுத்த நுனிகள் காய்ந்து தாமாகவே உதிர்ந்தன. மிஞ்சியது மொட்டைக் கொண்டை.

அக்கா வந்தார். விமான நிலையத்திலும் அண்ணையின் தலையில் தொப்பி, காரிலும் தொப்பி. பின்வளவுக்குப் போய்ச் சேவலை வெகுநேரம் பார்த்துவிட்டு, படத்தில் இருந்த கொண்டை எங்கே என்று கேட்டார். குளிர் தின்றுவிட்டது என்றார் அண்ணை.

"அப்ப நீங்களும் தொப்பியைக் கழட்டுங்கோ, பாப்பம்."

கழற்றினார். அக்கா சிரித்த சிரிப்பில் பேடுகள் மிரண்டு கூட்டுக்குள் ஓடின. வசலினை இதற்கும் பூசியிருக்கலாமே என்று அந்தத் தலையைத் தடவிவிட்டார். அண்ணை அன்று முழுக்கத் தொப்பியைத் தேடவில்லை.

அந்தப் பின்வளவில் இப்போது அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வெள்ளைக்கார அம்மாவும் இல்லை. அண்ணை போன வருடம் காலமானார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்கா ரெய்னர்ஸ் லேனில் மகளோடு இருக்கிறார். அண்மையில் அவரைப் பார்க்கப் போனபோது ஹீற்றர் போட்டு வீடே வெக்கையாக இருந்தது. ஆனாலும் கதவுக்குப் பின்னால், கைக்கெட்டும் இடத்தில் அந்தக் கம்பளித் தொப்பி தொங்கியது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்குக் குளிருமெல்லோ, தம்பி," என்றார் அக்கா.