காளியாயி, வயது 41

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. 2008 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை, இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி. பட்டப்பகல்.

அங்கே நோயாளிகளைப் பதிய முதல்முறையாகக் கம்பியூட்டர் வந்தது. மென்பொருளை எழுதியவன் நான். நோயாளி விவரத்தைச் சுமக்கும் பொருளை, அதாவது நினைவகத்தில் ஒரு பெட்டியை, சேர்வர்தான் உருவாக்கி, வேண்டிய பகுதிக்குக் கொடுக்கும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்போம். ஆளுக்கு ஒன்று புதிதாகவா, எல்லோருக்கும் ஒன்றேயா என்று நாம்தான் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒன்றேதான். நான் எழுத மறந்திருந்தேன். ஒருவர் எச்சில் வைத்த டம்ளரைக் கழுவாமல் அடுத்தவர் வாயில் வைக்கிற வேலை. நினைத்தாலே குமட்டுகிறது.

பிற்பகல் 3.05. கொழுந்து பறிக்கும் நிஷாந்தி, இருபத்திரண்டு வயது, தொண்டைப் புண்ணும் காய்ச்சலுமாக வந்து கதவோரம் நின்றாள். பதிவு மேசையில் இருந்த நாகலெட்சுமி அவள் பெயரை அடித்தார். மருத்துவ உதவியாளர் கணேசமூர்த்தியின் திரையில் வந்தது வேறு.

காளியாயி. வயது 41. பென்சிலின் ஆகாது.

“நான் இந்தப் பேர அடிக்கவே இல்லீங்க தம்பி,” என்றார் நாகலெட்சுமி. அவரும் கணேசமூர்த்தியும் போன மாதம்தான் அந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள்.

சோதனைக்காக நானே அடித்த ஏதோ ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். விட்டுப்போன வரியை எழுதினேன். 3.22க்கு சேர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். இனி ஆளுக்கு ஒரு புதுப் பொருள்.

நிஷாந்தியை மறுபடி பதிந்தோம்.

காளியாயி.

சேர்வர் தானாக எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தேன். 3.23க்கு உருவான புத்தம் புதுப் பொருள். உருவாகும்போதே உள்ளே அவள் இருந்தாள்…

ஒரு வாடை வந்தது. புளித்த வாந்தி வாடை. கீபோர்டு விரலில் பிசுபிசுத்தது. சளி மாதிரி. காற்சட்டையில் தேய்த்தேன். போகவில்லை. சீ!

முதுகுக்குப் பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள்.

உவ்வே… உவ்வே…

திரும்பினேன். நோயாளிகள் உட்காரும் வாங்கு காலி.

கணேசமூர்த்தி பென்சிலின் ஊசியோடு நின்றார். “ஆகாதுன்னு வருதே தம்பி. போடவா, வேணாமா?”

வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு வெட்கம். என் வேலை மேலேயே அருவருப்பு.

“அது என் பிழைங்க. அப்படி ஒரு ஆளே இல்ல. நீங்க போடுங்க.”

அவசரத்தில் சோதனை ஊசிகூடப் போடவில்லை.

3.31. நிஷாந்தி ஓங்கரித்தாள்.

அதே சத்தம்.

உதடு வீங்கியது…

3.40. மூச்சில்லை.

மறுநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நிஷாந்தியின் அப்பா சின்னராசா வாசலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் படம். கீழே பெயர்: காளியாயி.

“எங்க வீட்டுக்காரிங்க. ஆறு வருசமாச்சு. இதே டிஸ்பென்சரில ஊசி போட்டாங்க, வாந்தி எடுத்துக்கிட்டே செத்துட்டா. என்ன ஊசின்னு இன்னிய வரைக்கும் யாரும் சொல்லலீங்க.”

எனக்குத் தெரியும். நேற்றே திரையில் படித்தேன். அவரிடம் நான் சொல்லவில்லை.