ஆறாவது பாட்டில்

1997-ல், மழைக்காலத்தில் நடந்தது இது. அப்பாவுக்கு வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. டாக்குரியாவில் வாடகை வீடு. நான் கடல் உயிரியல் படித்துவிட்டு ஓர் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் வங்காள விரிகுடாவே என் பொறுப்பில் இருப்பதாகத் தோன்றும், அவ்வளவு கர்வம்.

மாதம் இருமுறை டயமண்ட் ஹார்பர் போய்ப் படகில் ஏறி ஆற்று நீர் எடுத்து வர வேண்டும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் இருக்கும். அவற்றைத் தின்றுதான் சின்ன உயிர்கள் வாழும், அவற்றை நம்பித்தான் ஹில்சா மீன் வரும். பாசி குறைகிறதா, தண்ணீர் கெடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நீரை வடிகட்டினால் பாசி தாளில் தங்கிவிடும். வடிந்த நீரைப் பாட்டிலில் பிடித்து, அதில் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பிறகு பார்ப்போம். அதுவரை அதில் எதுவும் உயிரோடு இருந்து சத்தைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக மெர்க்குரிக் குளோரைடு சில சொட்டு விடுவோம். பாதரச நஞ்சு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

ஆய்வுக்கூடப் பாட்டில்கள் பாதி உடைந்துபோயிருந்ததால், காலி மினரல் வாட்டர் பாட்டில்களைக் கழுவி அவற்றில்தான் பிடிப்போம். நஞ்சு விட்ட பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நாடா சுற்ற வேண்டும் என்பது விதி. அன்று நாடா தீர்ந்துவிட்டது. மார்க்கர் பேனாவால் எண் போட்டால் போதாதா என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஐந்து பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் போயின. இடமில்லாமல் ஆறாவதை மட்டும் தோள்பையில் போட்டேன். என் குடிதண்ணீர் பாட்டிலும் அதே பையில்தான் இருந்தது, அதே கம்பெனி பாட்டில்.

திரும்பும்போது மதிய லோக்கல் ரயிலில் என் எதிரே ஒரு மீன்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். கூடையில் கையகல ஹில்சாக் குஞ்சுகள். என்னால் சும்மா இருக்க முடியுமா? "மாஷி, இதையெல்லாம் வளர விட்டாத்தானே அடுத்த வருஷம் மீன் இருக்கும்?" என்று அந்த ஊர் வழக்கப்படி சித்தி முறை வைத்து ஆரம்பித்து ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாயங்காலம் காளிகாட் கடைத்தெருவில் விற்கப் போவதாகச் சொன்னார். நடுவில் இருமல் வந்து, தண்ணீர் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். வண்டி டாக்குரியாவில் நின்றுகொண்டிருந்தது. பைக்குள் கையை விட்டேன், பாட்டிலை எடுத்து நீட்டினேன், "நீங்களே வெச்சுக்கோங்க மாஷி" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தாகம். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். அம்மா காய்ச்சி ஆற்றிய சீரகத் தண்ணீர்.

பையில் வேறு பாட்டில் இல்லை. பெட்டியைத் திறந்து எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். மாஷியிடம் கொடுத்தது ஆறாவது பாட்டில். ஈரக் கையில் அதன் எண் அழிந்திருக்க வேண்டும்.

"ஏட்டி, செருப்புகூடப் போடாம எங்க ஓடுத?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. தெருவுக்கு ஓடி ஒரு டாக்ஸியை நிறுத்தினேன்.

டாக்ஸி கரியாஹாட் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ரயிலிலேயே குடித்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருந்தேன். வயிற்று வலி, வாந்தி, பிறகு சிறுநீரகம். படித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் இறங்கி ஓடினேன்.

காளிகாட் கடைத்தெருவில் ஒவ்வொரு மீன்கூடையாகப் பார்த்துக்கொண்டே போனேன். சந்து முனையில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பாட்டில், பாதி காலி.

"குடிச்சீங்களா மாஷி?" பாட்டிலைக் காட்டிக் கேட்டேன்.

"இல்ல மா. கையில ஊத்தி வாய்கிட்ட கொண்டுபோனேன், ஆத்து வாடை அடிச்சுது. இந்தத் தண்ணிமேலயே பொறந்தவ, எனக்குத் தெரியாதா? பாவம், படிச்ச பொண்ணு ஆத்துத் தண்ணியக் குடிக்குதேன்னு நெனச்சேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அப்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "வீணாக்க வேண்டாம்னு மீனுக்குத் தெளிச்சிட்டேன்."

உள்ளதைச் சொல்கிறேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சுற்றிலும் ஆட்கள். அந்தக் கூட்டத்தில் விஷம் என்ற சொல்லைச் சொன்னால் என்னை அடித்தே போட்டுவிடுவார்கள் என்று பயம். அதற்குள் ஒருவர் குனிந்து ஒரு மீனைத் தொட்டார். "தொடாதீங்க, விஷம்" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் அடிக்கவில்லை. எல்லாரும் விலகி நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். மாஷி சோப்பு போட்டு மூன்று முறை கை கழுவினார். விரிப்போடு மீனைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். என்னிடம் இருந்த பணத்தையெல்லாம் நீட்டினேன், வாங்கிக்கொண்டார். ஏதாவது விற்றுவிட்டதா என்று கேட்டேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நாலு மீன் வாங்கிப் போனாராம். அதற்கு முன்னால் தெளித்தாரா பின்னால் தெளித்தாரா, மாஷிக்கு நினைவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "எங்க தண்ணி கெட்டுப்போச்சான்னு பாக்க வந்தவதானே நீ?"

பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மீனையும் பாட்டிலையும் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்து நடந்ததைச் சொன்னேன். என் வழிகாட்டி திட்டித் தீர்த்தார். பிறகு, மேலே தெளித்தது கொஞ்சம், கழுவித்தான் சமைப்பார்கள், அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது என்றார். அந்த 'அநேகமாக' என்னைப் பல நாள் தூங்க விடவில்லை. மாதக் கணக்கில் பேப்பரில் காளிகாட் என்ற பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தியும் வரவில்லை. செய்தி வராததாலேயே ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இன்றைக்கும் யாராவது தண்ணீர் கேட்டால், அண்ணாந்து ஒரு வாய் நான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். வீட்டில் எல்லாரும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். முகம் தெரியாத அந்த ஸ்கூட்டர்காரர் வீட்டில் அன்று ராத்திரி எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் கழித்தும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.