தெற்குப் பார்த்த வீட்டுக்கு ஆள் வந்த கதை

வீட்டு புரோக்கர் என்பவன், சொந்த வீட்டில் ஒழுகுகிற கூரையை மறந்துவிட்டு அடுத்தவர் வீட்டுக் குழாயைப் புகழ்கிறவன். தேனியில் பல வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. வீடு பார்க்க வருகிறவர்களோடு வெயிலில் அலைந்து நொந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இரண்டு கை மாறியது

வீரபாண்டி போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு வீடு. இரண்டு பெட்ரூம், வற்றாத போர், மாடியில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். ஆனால் தெற்குப் பார்த்த வாசல். முதலில் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு முடித்துக் கொடுத்தேன். மகனோடு இருக்கப்போகிறேன் என்று அவர் கொச்சிக்குப் போய்விட்டார். அடுத்து ஓடைப்பட்டி திராட்சை விவசாயி ஒருவர், மகள் காலேஜ் படிப்புக்காக வாங்கினார். மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார்.

இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் போனார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? மூன்றாவது தடவை அந்த வீடு என் உயிரை வாங்கிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் சுற்றிப் பார்த்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே காரணத்தைச் சொன்னார்: “வீடு நல்லாத்தாண்ணே இருக்கு. வந்தவுக ஒருத்தரும் நெலைக்கலையே.”

என்னென்ன வசதி?

அப்புறம் வந்தவர் செல்வி. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட இருப்பது அம்மா மட்டும்தான், அந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. செல்வி டூட்டிக்குப் போன நேரத்தில் அம்மா வாடகை வீட்டிலிருந்து வெளியே போய், பைபாஸில் லாரிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறார். பார்த்தவர்கள் ஒருவரும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிவரவில்லை.

நான் வழக்கம்போல ஒப்பித்தேன். நடக்கிற தூரத்தில் பஸ் ஸ்டாப், பக்கத்துத் தெருவில் ரேஷன் கடை, முனையில் மெடிக்கல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் கடைசியில் ஒன்று கேட்டார்.

“அதெல்லாம் சரிண்ணே. எங்கம்மா கேட்டத் தெறந்துக்கிட்டு வெளிய போனா, இந்தத் தெருவுல யாரு பாப்பாக?”

மஞ்சள் சேலை

மறுபடி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சித்திரை மாதம், வீரபாண்டித் திருவிழா. வீடு காட்ட அதைவிட மோசமான நாள் கிடையாது, ஆனால் அவருக்கு அன்றைக்குத்தான் லீவு. சமையலறைக் குழாயை நான் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காணோம். கேட் திறந்து கிடந்தது.

மெயின் ரோட்டில் அக்கினிச்சட்டி எடுத்துப் போகிற கூட்டம், அத்தனையும் மஞ்சள் சேலை. அந்த அம்மா கட்டியிருந்ததும் மஞ்சள் சேலை. கூட்டத்தில் கலந்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது? செல்வி செருப்புகூடப் போடாமல் ஓடினார், பின்னால் நான்.

தெருமுனையில், சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா. வெறுங்காலோடு தனியாக வந்தவரை, விரதம் இருந்து வந்த இடத்தில் கூட்டத்தைத் தவறவிட்டவர் என்று நினைத்துவிட்டார்கள். காலைக் கழுவி, குங்குமம் வைத்து, கையில் மோர் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் கீழே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை வந்து போன தெரு, இப்படி ஒரு காட்சியை நான் அங்கே பார்த்ததில்லை.

அம்மா மகளைப் பார்த்து மோர் டம்ளரை நீட்டினார். செல்வி அழுதுகொண்டே, இவர் விரதமெல்லாம் இல்லை, ஞாபகம் தப்பியவர் என்று உண்மையைச் சொன்னார். பாதத்தைப் பிடித்திருந்த பெண் கையை எடுக்கவில்லை. “இருக்கட்டும் தாயி. தனியா வந்தவுகள அப்பிடியே போகவிட்டுட்டு நாங்க சும்மா நிப்பமா?” என்றார்.

செல்வி மோரைக் குடித்து முடித்தார். மிச்ச அறைகளைப் பார்க்க வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “பத்திரம் என்னைக்குண்ணே பதியலாம்?”

இத்தனை வருஷமாகத் தெருவைச் சும்மா கொடுத்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் விலை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.